ஒரு சாண் தள்ளி

முக்காலிமேல் ஏறி நின்று, கனமான டிரில் மெஷினைத் தொப்பையோடு அணைத்துக்கொண்டு, அண்ணன்காரர் கூடத்துச் சுவரைக் குடைகிறார். பாகம் பிரித்தாகிவிட்டது, கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு வருகிறது. செங்கல் தூள் சன்னல் வெயிலில் சிவப்பாக மிதந்து, கீழே மரச்சட்டத்தைத் தாங்கி நிற்கும் தம்பியின் தலையில் இறங்குகிறது. "கை வலிக்குதாண்ணே?" என்று கேட்கிறான் அவன். சமையலறை வாசலில் நிற்கும் தம்பியின் மனைவி முகத்தைச் சுளிக்கிறாள். மெஷினின் கறுப்பு ஒயர் நெளிந்து வந்து அவள் பாகத்து பிளக் பாயிண்ட்டில்தான் சொருகியிருக்கிறது. வெட்டிக்கொண்டு போவதற்கும் அவள் வீட்டுக் கரண்ட்! போதாததற்கு, தரையில் பாகம் பிரித்துப் போட்ட சாக்பீஸ் கோடு ஓரிடத்தில் கிடக்க, சட்டம் ஒரு சாண் தள்ளி அவள் பக்கமாக நிற்கிறது.

"மாமா, கோடு அங்க இருக்கு."

"அங்க சுவரு ரொம்பக் கெட்டிம்மா. டிரில் பிட்டு இறங்கவே மாட்டேங்குது."

இந்த மெஷின் மலையையே குடையும் என்று, வாங்கிய நாள்முதல் பீற்றிக்கொண்ட வாய் அது. அவள் புருஷனைப் பார்க்கிறாள். அவனும் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான், தூசி விழுந்தவன்போல் கண்ணைக் கசக்குகிறான். அண்ணன்காரர் மறுபடி விசையை அழுத்துகிறார். அவள் பிளக்கைப் பிடுங்குகிறாள். உறுமல் தேய்ந்து அடங்க, தூள் உதிர்வதுகூடக் கேட்கிறது. தம்பி சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வேகமாக வருகிறான். அண்ணனைத் தட்டிக் கேட்டுவிடப் போகிறான் என்று ஒரு கணம் அவள் நம்புகிறாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருக்கும் பிளக்கை வாங்கிச் சொருகுகிறான்.

"அண்ணே, இப்ப போட்டுப் பாருங்க."