டிக்கெட்டுக்கு ஒரு மனு

தலைவருடைய மகளின் படத்துக்கு முன்னால், தலைவர், வக்கீல், டாக்டரம்மா என்று கல்வி நிதிக் குழுவின் மூவரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பத்தொன்பது வயதுப் பெண், இரட்டைப் பின்னல், படத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. இருபத்தோரு வருடமாக, நேர்காணல் தொடங்கும் முன் இந்த மௌனம் தவறியதில்லை.

"காய்ச்சல். மூணே நாள்ல போயிட்டா" என்றார் தலைவர், இந்த ஆண்டுதான் குழுவில் சேர்ந்த டாக்டரம்மாவிடம். "படிக்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டா. அதான் அவ பேர்ல இந்த நிதி."

குரல் நடுங்கவில்லை. வீட்டுத் துக்கத்தை வெளியே சிந்துகிறவர் அல்ல அவர்.

காலையிலிருந்து எட்டுப் பேர் வந்து போனார்கள். தலைவருக்கு வலப்பக்கம், வக்கீலை அடுத்து மேசை ஓரத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து தங்கள் திட்டத்தைச் சொன்னார்கள். எட்டுப் பேருக்கும் தலைவர் ஒரே மாதிரி தலையசைத்தார். நடுவே வக்கீல் குனிந்து ஏதோ கேட்டதற்கும் பதில் இல்லை. பெரிய மனுஷர் அப்படித்தான் இருப்பார் என்று வக்கீல் நிமிர்ந்துகொண்டார்.

ஒன்பதாவதாக வந்தவள் சின்னப் பெண். பழைய பஸ் ஒன்றை வகுப்பறையாக்கி, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளைத் தேடிப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். வந்தவள் நாற்காலியை அலாக்காகத் தூக்கினாள்; மேசையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபுறம், டாக்டரம்மா பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வக்கீல்னா பயமா?" என்று சிரித்தார் வக்கீல். "நான் இன்னிக்கு ஃபீஸ் வாங்கலம்மா!"

அவள் லேசாகச் சிரித்தாள். தலைவரின் புருவம் மட்டும் ஏறி இறங்கியது.

"பஸ்ஸுக்கு டிக்கெட் உண்டா?" இது டாக்டரம்மா.

"உண்டு மேடம். ஆளுக்கு ஒரு மனு. அவங்க தெருவுல இல்லாத ஒண்ணைக் கேட்டு, நகராட்சிக்கு அவங்களே எழுதணும். எழுதினாத்தான் சீட்டு."

முப்பத்தெட்டு மனுக்களின் நகலை மேசையில் பரப்பினாள். குழாயில் தண்ணீர் வேண்டும், தெருவிளக்கு வேண்டும், சாக்கடைக்கு மூடி வேண்டும். எழுத்து கோணலாக இருந்தாலும் கேட்டது நேராக இருந்தது.

அன்று முதல் தடவையாகத் தலைவர் தாமே கேள்வி கேட்டார். "பஸ்ஸை ஓட்டுறது யாரு?"

"ஒரு அக்கா சார். டிரைவர், மெக்கானிக் எல்லாம் அவங்கதான். வெளியில பஸ்லயே இருக்காங்க. உள்ள வாங்கன்னா வரமாட்டேன்னுட்டாங்க."

"இப்ப பஸ்ஸுக்கு என்ன குறை?"

"எஞ்சின் போயிடுச்சு சார். பாதி வழி தள்ளிக்கிட்டுத்தான் வந்தோம். நீங்க குடுத்தா ஓடும். இல்லாட்டி நாளைக்குப் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போயிடுவாரு."

டாக்டரம்மா விண்ணப்பத்தைப் புரட்டினார். "பெரியவங்க பேரை வாக்காளர் பட்டியல்ல சேக்கவும் உதவுறதா எழுதியிருக்கீங்களே, எத்தனை பேரைச் சேர்த்தீங்க?"

"இருநூத்தி நாப்பது பேர். ஒருத்தங்க பேர் மட்டும் சேரல." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அவங்க செத்துட்டதா ஆபீஸ்ல இருக்கு."

வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். "குமாஸ்தா தூக்கத்துல எழுதியிருப்பான்!"

"இல்ல சார். பெத்தவரே எழுதிக் குடுத்திருக்காரு. பிடிச்சவரைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம். மானம் போச்சுன்னு, உசிரோட இருக்கிறவங்களைச் செத்துட்டாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. இப்ப அவங்களுக்கும் ஒரு மனு எழுதிப் பழக்கிட்டிருக்கோம், தான் சாகலன்னு."

"அடப்பாவி!" என்றார் டாக்டரம்மா.

தலைவர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். "குடும்பம்னா ஆயிரம் இருக்கும். அதைச் சபையில கொண்டாந்து வெக்கிறது படிச்சவங்களுக்கு அழகில்ல. பெத்தவங்க மேல மனு போடுறதுக்குத்தான் பஸ் விடுறீங்களா?"

"பெத்தவர் மேல இல்ல சார். பேரைச் சேக்கச் சொல்லித்தான்."

அவர் பேனாவைத் திறந்தார். விண்ணப்பத்தின் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். தாள் கிழிந்தது.

"சார், ஒம்பது பேர்ல இவங்களுக்குத்தான் மார்க் ஜாஸ்தி" என்று பதறினார் டாக்டரம்மா.

"மார்க் உங்களோடது. பேர் எங்க குடும்பத்தோடது."

டீச்சர் அழவில்லை. முப்பத்தெட்டு மனுக்களையும் ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே, வாசலில் நின்ற பஸ்ஸின் பின்பாதி தெரிந்தது. அவள் கதவுவரை போய்விட்டாள்.

"நில்லு." தலைவருக்கு இன்னும் ஆறவில்லை. "போறதுக்கு முன்னாடி மரியாதை ஒண்ணு கத்துக்கிட்டுப் போ. பெரியவங்க போட்ட இடத்துல உக்காரணும். நாற்காலியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வரணும்னு உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

அவள் திரும்பினாள். சுவரிலிருந்த படத்தை ஒரு கணம் பார்த்தாள்; பிறகு அவரைப் பார்த்தாள்.

"எங்க டிரைவரக்காதான் சார். 'அப்பாவுக்கு வலது காது கேக்காது, இடப்பக்கமாப் போய் உக்காரு'ன்னாங்க."