பாங்குக்கு முன் கொய்யா இலை

அலெக்ஸாந்திரியாவின் சந்துக்குள் மழை சாய்ந்து விழுகிறது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு நான்கு நிமிடம்தான் இருக்கிறது. பாங்கு சொல்லும் மோதினார் துல்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது; நேற்றே பாங்கு பாதியில் நின்றுபோனது. மனைவி ஸைனாத் கொய்யா இலைக் கஷாயத்தை வடிகட்டித் தேன் விடுகிறாள். "ஆறட்டுங்க, வாய் வெந்துடும்." "நேரம் எனக்காக நிக்குமாடி?" என்று காற்றுக் குரலில் சீறியவர், நின்றபடியே குடித்துவிட்டு எதிரேயுள்ள பள்ளிவாசலுக்கு ஓடுகிறார். மற்றப் பள்ளிவாசல்களில் பாங்கு தொடங்கிவிட்டது. வடிகட்டி சொட்டச் சொட்ட அவள் பால்கனிக்கு வருகிறாள். ஒலிபெருக்கி கீச்சிடுகிறது, முதலில் ஓர் இருமல் தெரு முழுக்கக் கேட்கிறது. பக்கத்து பால்கனியிலிருந்து உம்மு ஹனஃபி கத்துகிறாள்: "இப்படி இருமுறாரே, குளிச்ச ஈரத்தோட மனுஷன வெளிய விட்டியாடி?" "சும்மா இருங்கக்கா!" ஒலிபெருக்கியில் துல்பாவின் கரகரத்த குரல் மெல்ல மேலேறுகிறது. அது இழுக்கிற ஒவ்வோர் இழுப்புக்கும் ஸைனாத் எச்சில் விழுங்குகிறாள்.