செண்பகவல்லியின் நுரையீரல்

வீட்டில் இருந்தவர்கள்: நான், அரசுப் பேருந்து ஓட்டும் என் மனைவி செண்பகவல்லி, போராட்டத்துக்குப் போனதால் போலீஸ் தேடும் அவள் தம்பி இளங்கீரன். அவன் உள்ளறையில் இருந்தான்.

அவனுடைய ஆஸ்துமாவுக்கு அவள் தன் பெயரில் அரசு மருத்துவமனையில் இன்ஹேலர் வாங்கி வந்தாள். ஒரு மணி நேரத்தில், ஆஸ்பத்திரிப் பதிவையும் லைசென்ஸ் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்த போலீஸ் அதிகாரி வாசலில் நின்றார்.

“ஆஸ்துமான்னு ஆஸ்பத்திரி சொல்லுது. நுரையீரல் சுத்தம்னு லைசென்ஸ் சொல்லுது. எதும்மா பொய்?”

“லைசென்ஸ்தான் சார். மறைச்சுட்டேன்.”

உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. நான் பயந்துபோய் இருமினேன்.

“உங்க பேர்ல ஒரு வியாதியும் இல்லையே சார், ஏன் இருமுறீங்க?”

இளங்கீரன் தானாகவே வெளியே வந்தான். போலீஸ்காரர்கள் அவனை வேனில் ஏற்றினார்கள். செண்பகவல்லி இன்ஹேலரை நீட்டினாள்.

“இது உங்க பேர்ல இருக்கும்மா. அவனுக்குத் தரக் கூடாது,” என்று சொல்லி, அதிகாரி வேன் கதவைச் சாத்திப் பூட்டினார்.