ஏ.சி. இருமல்

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே!"

டெலானிபூர் குவார்ட்டர்ஸ் வாசலில் நாகலிங்கம் போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ப்ரியங்காவுக்கு டி.பி. என்று அன்று காலைதான் ரிப்போர்ட் வந்திருந்தது. சமையல்கார அன்னம்மாளுக்கோ ஒரு வாரமாக இருமல். வேறென்ன சாட்சி வேண்டும்?

"தாளிக்கிற நெடி சார்..."

"இருபது வருஷமா இங்க சாப்பிட்டதுக்கு என் பொண்ணுக்கு நல்லாத்தான் செஞ்சே!"

கத்தியதில் அவரும் நாலு தடவை இருமினார். அது ஏ.சி. இருமல். ஆபீசருக்கு வந்தால் அப்படித்தான் பெயர்.

பக்கத்தில் மனைவி வைஜெயந்தி அழுதுகொண்டு நின்றாள். அன்னம்மாள் தன் ஊரான வண்டூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சுகாதார ஊழியர் சபீஹா அன்னம்மாள் உட்பட எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தாள். நாலாம் நாள் ரிசல்ட்டோடு வந்து, அன்னம்மாளையும் வரவழைத்தாள்.

"அன்னம்மாக்காவுக்கு ஒண்ணுமில்லை. மேடத்துக்கும் இல்லை. சார், உங்களுக்குத்தான் இருக்கு. உங்ககிட்டேயிருந்துதான் பாப்பாவுக்கு வந்திருக்கணும்."

"க்யா பாத் கர்தி ஹோ!" கோபத்தில் ஆபீஸ் இந்தி வந்துவிட்டது. "என்ன பேசறே நீ? எனக்கு எங்கிருந்து வரும்?"

"உள்ளேயிருந்தே வரலாம் சார். நுரையீரல்ல காவல்கார செல் இருக்கு. கிருமி வந்தா முழுங்கிச் செரிச்சிடும். டி.பி. கிருமி மட்டும் செரிக்க விடாது. காவல்காரன் வயித்துக்குள்ளேயே வருஷக்கணக்கா குடித்தனம் நடத்தும். சுகர் வந்து உடம்பு தளர்ந்தா வெளியே வரும். உங்களுக்கு முன்னாடி எப்பவாவது டி.பி. வந்து, மாத்திரையைப் பாதியில விட்டீங்களா?"

"இல்லவே இல்லை."

"நல்லா யோசிங்க. பாதியில விட்டிருந்தா கிருமி அந்த மாத்திரைக்குப் பழகியிருக்கும். பாப்பாவுக்கு வேற மருந்து தரணும். தப்பான மருந்து குடுத்தா பாப்பா உயிருக்கே ஆபத்து."

நாகலிங்கம் மனைவியைப் பார்த்தார். "இல்லைன்னு சொல்றேன்ல?"

"சார், கேஸ் லீக்காகுது போல. வந்து பாருங்களேன்." அதற்குள் சமையலறைக்குப் போயிருந்த அன்னம்மாள் கூப்பிட்டாள்.

அங்கே கேஸ் லீக் எதுவும் இல்லை. அன்னம்மாள் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து பழுத்துப்போன அட்டையை எடுத்து நீட்டினாள். அவர் பெயர் போட்ட டி.பி. சிகிச்சை அட்டை. இரண்டு மாதம் டிக் போட்டிருந்தது. அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்காகத் தீவிலிருந்து மெயின்லேண்ட் கப்பல் ஏறிய அன்று, கூட வரும் சொந்தக்காரர்கள் கண்ணில் படக் கூடாதென்று மாத்திரையோடு சேர்த்து அவரே குப்பையில் போட்டது.

"யாராவது பார்த்தா கல்யாணம் நின்னுடுமேன்னு எடுத்து வெச்சேன். நீங்களே குடுத்துடுங்க சார். பாப்பாவுக்காக."

நாகலிங்கம் ஹாலுக்கு வந்து அட்டையை சபீஹாவிடம் கொடுத்தார். "வந்துச்சும்மா. ரெண்டே மாசத்துல நிறுத்திட்டேன்." வைஜெயந்தியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வாசலில் அன்னம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். நாகலிங்கம் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேனே, அப்பவே இதை என் மூஞ்சியில எறிஞ்சிருக்கலாமே அன்னம்மா?"

"எப்படி சார்? பக்கத்துல அம்மா இருந்தாங்களே!"