காயாத தரை

வாசலில் தொடங்கி உள்நோக்கித் தரைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டு போன என் கணவர் நுஃமான், கடைசி மூலையில் நிமிர்ந்த பிறகுதான் திரும்பி வர வழியில்லை என்பதைக் கண்டார்.

தரை முழுக்கப் பச்சை. அதற்கு அங்கால் அவர், இங்கால் வாசலில் நான்.

கச்சான் காற்று மணலைக் கொண்டுவந்து ஒட்டிவிடும், வாசல் பக்கம் முதலில் காய வேண்டும் என்று அவசரப்பட்டதால் வந்த வினை.

நானாட்டானில் வாங்கிய, உழவு இயந்திரம் இழுத்துப் போகிற பழைய பெட்டிதான் அந்த அறை. அதன்மேல் பலகைச் சுவரும் தகரக் கூரையும் வைத்து, இரண்டு பேர் படுக்கிற மாதிரி ஆக்கியிருந்தார். வான் வண்டிக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு நுவரெலியா போய் அதற்குள்ளேயே தங்குவதாம். தரைதான் கடைசி வேலை.

"றிஸ்மினா, ஒரு பலகை எடுத்துப் போடு" என்றார்.

போடுவேனா நான்? கதிரையைக் கொண்டுவந்து வாசலை மறித்து உட்கார்ந்தேன்.

யன்னல் இருக்கிறதுதான். கட்டாரில் சாரதியாக இருந்த பதினொரு வருடத்தில் வளர்த்த வயிறு அதற்குள்ளால் வராது.

இரண்டு மாத லீவில் வந்த மனுசன். இது நாலாவது மாதம். எப்போது திரும்பப் போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தால் போதும், ஆணி முடிந்துவிடும், கடைக்கு ஓடிவிடுவார். எங்கள் வீட்டில் அரிசிகூட அவ்வளவு கெதியாக முடிந்ததில்லை.

அவருடைய போன் அடிக்கும் போதெல்லாம் கம்பெனிதான் கூப்பிடுகிறது என்று எனக்கு நெஞ்சு பதறும். இன்னொரு பதினொரு வருடத்தை என்னால் தாங்க முடியாது. இந்த வயதில் அதைச் சொல்லவும் வெட்கம்.

இன்றைக்கு எங்கே ஓடுவார்?

"எப்ப போறீங்கள்? உள்ளதச் சொல்லுங்கோ."

பெயின்ற் வாளியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"நான் லீவில வரேல்ல. வேலைய விட்டுட்டுத்தான் வந்தனான். போனில நீ எந்நாளும் வீட்டுக்கு மேல்மாடி கட்டுற கதைதானே. கட்டி முடிக்காம வந்தா நீ திருப்பி அனுப்பிப்போடுவாய் எண்டு பயந்து சொல்லேல்ல."

நாலு மாதம்! இவர் போய்விடுவார் என்று நான் நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறேன். நான் அனுப்பிவிடுவேன் என்று இவர் வண்டி கட்டியிருக்கிறார். நல்ல சோடி.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். ஏசிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, பச்சையின்மேல் நேரே அவரிடம் நடந்து போனேன்.

"தரை, தரை" என்று கத்தினார்.

தரைக்கென்ன, நாளைக்கு இன்னொரு தடவை அடிப்பார். நாளைக்கும் இங்கேதானே இருக்கப் போகிறார்.