கூட்டாமல் குறைக்காமல்

"இல்லை," என்றாள் அந்தப் பெண், கேள்வி முடிவதற்கு முன்பே.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசா கேட்டுட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்க," என்றார் தன் மொழியில், பக்கத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்தவளிடம்.

அவளுக்குத் தராசம்மா என்று பட்டப்பெயர். அந்த அலுவலக வராந்தாவில் கால் கடுக்க நின்ற தமிழர்கள் வைத்தது. குடியேற வந்தவர்கள் பேசுவதை அதிகாரிக்கும், அதிகாரி பேசுவதை அவர்களுக்கும் பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறாள். ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"மறுபடி முதல்லேர்ந்து வர்றேன், காது குடுத்துக் கேளும்மா," என்று கடுகடுத்தாள். "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கா?"

"இல்லை."

"யாராவது கட்டாயப்படுத்திப் பண்ணி வச்சாங்களா?"

"இல்லை."

"கூடப் பிறந்தவங்க, அப்பா அம்மாவோட கூடப் பிறந்தவங்க, இந்த மாதிரி நெருங்கின உறவுல பண்ணின கல்யாணம் இங்க செல்லாது. அப்படி எதாவது..."

"அதான் எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்றேனே! படிவத்துல எங்க வீட்டுக்காரரே படிச்சுப் பார்த்து எழுதிட்டாரு. சும்மா சும்மா ஏன் நோண்டுறீங்க?"

தராசம்மா அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள், எரிச்சல் உட்பட.

"புருஷன் சொல்லிக் கொடுத்த மனப்பாடம்," என்று அதிகாரி சிரித்தார். நல்ல சிரிப்பாக இல்லை. கோப்பைப் புரட்டினார். "ரெண்டு பேருக்கும் பன்னிரண்டு வயசு வித்தியாசம். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு கடிதம் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. சேர்ந்து எடுத்த ஒரு பழைய போட்டோகூடவா இல்லை?"

"நிறைய இருக்கு. அவர்தான் கொண்டு வர வேணாம்னுட்டாரு."

"இருந்தா ஏன் வேணாம்னு சொல்லணும்?" அதிகாரி மேஜையைத் தட்டினார். "இது விசாவுக்காகப் பண்ணின கல்யாணம். முன்பின் தெரியாத ரெண்டு பேர். பதினாலு நாள்ல விமானம் ஏறணும்னு இன்னிக்கே எழுதிடுவேன், சொல்லுங்க."

சொன்னாள். பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள் புருஷன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஏழு மாதம் தனித்தனியே கிடந்து, இந்த வாரம்தான் ஒரே கூரைக்குக் கீழே வந்திருந்தார்கள்.

"உங்களுக்கென்ன, நீங்க அவங்க ஆளு!" என்று தராசம்மா மேல் சீறி விழுந்தாள் பெண். "ஒரு ஈவு இரக்கம் இல்லாம சொல்றீங்களே."

இதையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள் தராசம்மா.

"முன்பின் தெரியாதவளா நான்?" பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எழுதிக்கச் சொல்லுங்க. இடது முழங்கால்ல தழும்பு, ஆறு வயசுல மாடிப்படியில உருண்டது. எட்டு வயசு வரைக்கும் பாயை நனைச்சாரு. ஏழாங்கிளாஸ்ல கணக்குல ஃபெயிலாகி மார்க் ஷீட்டை அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சாரு. ஊசின்னா இன்னிக்கும் ஓட்டம்தான். இன்னும் சொல்லவா?"

தராசம்மா சொல்லி முடித்ததும் அதிகாரி எழுந்து வெளியே போனார். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. புருஷன் பேன்ட் காலைச் சுருட்டி முழங்காலைக் காட்டினான். அடுத்து என்ன கேட்டாரோ, காது வரை சிவந்துபோனான்.

"தழும்பு இருக்கு," என்று திரும்பி வந்தார் அதிகாரி. "பாய் விஷயத்தைக் கேட்டதும் செத்துட்டான் மனுஷன்." ஒலிப்பதிவை அணைத்தார். இழுப்பறையைத் திறந்து முத்திரையையும் மைப்பெட்டியையும் எடுத்தார்.

அறையின் இறுக்கம் தளர்ந்தது. தராசம்மாவின் நாக்கும் கொஞ்சம் தளர்ந்தது. சொந்தமாகக் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் இப்படிக் கதை கேட்டால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

"ஏம்மா, இந்தக் கதையெல்லாம் யாரு சொன்னா?"

"அவங்க அம்மாதான்."

"மாமியாரா? என் மாமியார் இருபது வருஷத்துல உப்பு டப்பா எங்க இருக்குன்னுகூட எனக்குச் சொன்னதில்லை. உனக்கு மட்டும் எப்படி வாய்ச்சாங்க?"

பெண் முதல்முறையாகச் சிரித்தாள். "மாமியார் ஆனது போன வருஷம்தானே அக்கா! அதுக்கு முன்னாடியே எங்கம்மாவைப் பெத்த பாட்டியாச்சே!"

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"என்ன அது? என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

தராசம்மா கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே அந்தப் பெண்ணின் தாய்மாமன் சுருட்டிய பேன்ட் காலைச் சரிசெய்தபடி, உள்ளே பார்த்துப் பயந்து பயந்து சிரித்தான். பெண்ணும் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அதிகாரிகூடக் கேட்காத கேள்வி. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"சொல்லுங்க," என்று அதட்டினார் அதிகாரி.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தராசம்மா ஒரே ஒரு வார்த்தையைக் கூட்டினாள்.

"மாமியார் ஆனது போன வருஷம்தானாம். அதுக்கு முன்னாடியே இவங்க அம்மாவைப் பெத்த பாட்டி மாதிரியாம்."