செல் வெடித்த கன்னம்

கிளிநொச்சி இன்ரநெட் கடையின் பின்பக்கம் ஜெனரேற்றர் உறுமுகிறது. யன்னலால் வெயில் விழும் கணினித் திரையில், எழுத்துகளோடு சேர்ந்து யசோதினியின் இடது கன்னமும் தெரிகிறது. ஐந்து வருசத்துக்கு முன் வீட்டு வளவுக்குள் விழுந்த எறிகணை சுட்ட கன்னம். "செல் வெடிச்சு வந்த தழும்பு மங்க என்ன பூசலாம்?" என்று பெண்களின் அழகுக்குறிப்புத் தளமொன்றில் போன கிழமை கேட்டிருந்தாள். மதுரையிலிருந்து ஒரு அக்கா பதில் எழுதியிருக்கிறார். "கவலைப்படாதம்மா. தினமும் சோத்துக்கத்தாழை தடவு, முகம் பளிச்சுனு ஆயிடும். இனிமே செல்லைத் தலைமாட்டுல சார்ஜ் போட்டுட்டுத் தூங்காதே." பக்கத்துக் கதிரையில் சிநேகிதி தர்மினி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "அவா கைத்தொலைபேசி எண்டு நினைச்சிட்டாடி. சண்டையில விழுந்த செல் எண்டு எழுது." கிளிநொச்சிப் பக்கம் இன்னும் வந்து சேராத கைத்தொலைபேசியை யசோதினி தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "எழுதினா எல்லாரும் சண்டையைப் பற்றித்தான் கேப்பினம். பிறகு என்ரை முகத்தைப் பற்றி ஆர் கதைக்கிறது?" தர்மினியின் சிரிப்பு அடங்குகிறது. யசோதினி ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுகிறாள். "ஓம் அக்கா, பிழை என்னிலைதான். இனிக் கவனமா இருப்பன்."